பாஸ்பேட்டை விடாத உலோகம்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் காட் ரோட்டில், சாலைக்காக மலையை வெட்டிய இடங்களில் கரும்பச்சைச் சாயல் கொண்ட பாறை தெரியும். புதிதாக உடைந்த முகத்தில் எண்ணெய் பூசிய மினுமினுப்பு இருக்கும். ஊரில் எல்லாரும் அதைக் கருங்கல் என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள். புவியியலில் அதற்கு சார்னோக்கைட் என்று பெயர். பழனி மலைத்தொடரின் பெரும்பகுதி இந்தப் பாறைதான். இதனோடு பின்னிக் கிடக்கும் வேறு பாறைகளும் உண்டு. அடிவாரத்தில் கெங்குவார்பட்டிப் பக்கம் கிடைக்கும் ஒரு வகைக் கல், பூமிக்கு அடியில் 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெந்து வந்தது என்பதால் உலகப் புவியியல் இதழ்களில் பேர் வாங்கியது. இப்படிப்பட்ட கற்களை மெல்லிய சீவலாக இழைத்து நுண்ணோக்கியில் வைத்தால், குவார்ட்ஸுக்கும் ஃபெல்ஸ்பாருக்கும் இடையே தலைமுடியின் தடிமன் அளவில் சின்னஞ்சிறு மணிகள் அங்கங்கே தென்படும். அந்தக் கனிமம் மோனசைட்.

அந்த மணிக்குள் இருக்கும் உலோகங்களில் ஒன்று லாந்தனம். அதன் குளோரைடு உப்பின் வேதியியல்தான் இங்கே பேச்சு. இந்த உப்பு எங்கிருந்து வருகிறது, ஏன் இப்படி நடந்துகொள்கிறது, கொடைக்கானல் ஏரி மாதிரியான ஒரு நீர்நிலையில் அதற்கு என்ன வேலை இருக்க முடியும் என்று பார்க்கலாம். இதற்கெல்லாம் ஒரே ஒரு சாவி போதும்: லாந்தனமும் அதன் உடன்பிறப்புகளும் பாஸ்பேட்டைக் கண்டால் விடுவதில்லை.

மோனசைட் என்பதே பாஸ்பேட் கனிமம்தான். சீரியம், லாந்தனம், நியோடிமியம், பிரசியோடிமியம் ஆகிய அருமண் உலோகங்கள் பாஸ்பேட்டோடு சேர்ந்து உறைந்த உருவம் அது. கூடவே கொஞ்சம் தோரியமும் குடியிருக்கும். அருமண் என்று பேர் வைத்திருந்தாலும் இவை ஒன்றும் அவ்வளவு அரிதல்ல. பூமியின் மேலோட்டில் சீரியம் ஏறக்குறைய தாமிரம் இருக்கும் அளவுக்கு இருக்கிறது. லாந்தனம் காரீயத்தைவிட அதிகம். எங்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிக் கிடப்பதும், ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுவதும்தான் இவற்றை அரிய பொருளாக்கின. சீரியத்தை 1803-ல் கண்டார்கள். அதற்குள்ளேயே ஒளிந்திருந்த லாந்தனத்தை சுவீடனின் மொசாண்டர் 1839-ல்தான் வெளியே எடுத்தார். இடையில் ஓடியது 36 வருடம்.

பாஸ்பேட்டோடு உள்ள அந்தப் பிணைப்பு எவ்வளவு உறுதி என்பதற்குப் பழனி மலையே சாட்சி. மோனசைட் உருவாகும்போது தோரியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும். காரீயத்தை அநேகமாகச் சேர்க்காது. தோரியமோ மெல்ல மெல்லச் சிதைந்து காரீயமாக மாறும். பாதி சிதைவதற்கே 1,400 கோடி ஆண்டு பிடிக்கும். ஆகவே இன்று ஒரு மணியில் எவ்வளவு தோரியம், எவ்வளவு காரீயம் என்று அளந்தால் அந்த மணி பிறந்த காலம் தெரிந்துவிடும். பழனி மலையை உள்ளடக்கிய மதுரைப் பாறைத் தொகுதியில் இப்படி அளந்த மணிகளில் பலவும் சுமார் 50 முதல் 55 கோடி ஆண்டு என்று சொல்கின்றன. அத்தனை காலம் பூட்டு திறக்கவில்லை. சுற்றியிருந்த ஃபெல்ஸ்பார் மழையில் கரைந்து களிமண்ணாகிப்போன பின்னும் மோனசைட் மணி மோனசைட்டாகவே நிற்கும். நீரிலும் கரையாது, மண்ணின் லேசான அமிலத்துக்கும் அசையாது.

பாறை கரைந்து கரைந்து மணி வெளியே வந்தால் என்ன ஆகும்? ஆற்றோடு கடலுக்குப் போகும். இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளி வைத்துவிடலாம். தமிழ்நாட்டில் மோனசைட் என்றாலே கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிதான் நினைவுக்கு வரும். ஆனால் கொடைக்கானல் மலையின் மணல் அங்கே போய்ச் சேர்வதில்லை. மலையின் வடக்குச் சரிவு நீர் சண்முகநதி, அமராவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. தெற்குச் சரிவு நீர் மஞ்சளாறு, வராகநதி வழியாக வைகைக்குப் போகிறது. இரண்டுமே கிழக்குக் கடலைப் பார்த்தவை. மணவாளக்குறிச்சிக் கரைக்கு மணல் கொண்டுவந்தவை மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிப் பாறைகள். அவையும் சார்னோக்கைட்டும் அதன் உறவுக் கற்களும்தான்.

மணவாளக்குறிச்சியில் கடல்தான் சல்லடை. குவார்ட்ஸ் மணலைவிட மோனசைட் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். தென்மேற்குப் பருவக்காற்றில் எழும் அலை இலேசான வெண்மணலை அள்ளிக்கொண்டு போக, இல்மனைட், சிர்கான், ருடைல், கார்னெட், மோனசைட் எல்லாம் கரையில் கருப்பும் சிவப்புமாகப் படிந்து நிற்கும். அந்தக் கருமணல் அங்கே காலங்காலமாகக் கிடந்தது. 1909-ல்தான் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிக்கொண்டு வந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கவனித்தார். தேடிக்கொண்டு வந்து மணவாளக்குறிச்சியில் ஆலையும் போட்டார். அன்றைக்கு அவருக்கு வேண்டியது அருமண் அல்ல, தோரியம். ஐரோப்பியத் தெருவிளக்குகளிலும் வீட்டு விளக்குகளிலும் எரிந்த காஸ் மேண்டில் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு. நம் கல்யாண ஊர்வலங்களில் தலையில் தூக்கி வந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் வலைத்திரியும் அதே சரக்குதான். வெளிச்சத்துக்காகத் தோரியத்தை எடுத்த பிறகு மிஞ்சிய லாந்தனம், நியோடிமியம் எல்லாம் அப்போது கழிவு மாதிரிதான் கிடந்தன.

சுதந்திரத்துக்குப் பிறகு கதை மாறியது. 1950 ஆகஸ்டில் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. கேரளத்தின் ஆலுவாவில் பெரியாற்றங்கரையில் அதன் ஆலையை 1952 டிசம்பரில் நேரு திறந்து வைத்தார். மணவாளக்குறிச்சியிலும் சவராவிலும் பிரித்தெடுத்த மோனசைட் ஆலுவாவுக்குப் போனது. அங்கே தயாரான முதன்மைச் சரக்கு கலப்பு அருமண் குளோரைடு. பின்னாளில் மோனசைட்டை உடைக்கும் வேலை ஒடிசாவின் சத்ரபூர் பக்கம் பெரிய அளவில் தொடங்கியது. அங்கே செய்த கலப்புக் குளோரைடு, தனித்தனி உலோகமாகப் பிரிக்கப்படுவதற்கு ஆலுவாவுக்கு வருகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சி ஆலையை ‘அரிய மணல் ஆலை’ என்பார்கள். அந்தப் பெயரோடு கதிர்வீச்சு பற்றிய அச்சமும் கடற்கரை ஊர்களில் சேர்ந்தே வரும். மோனசைட்டில் உள்ள தோரியம் கதிரியக்கம் உடையது என்பதால் அச்சத்துக்குக் காரணம் இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் லாந்தனம், சீரியம் மீது அந்தப் பழியைப் போடுவதும் சரியல்ல. அவற்றின் கதிரியக்கம் பொருட்படுத்தத் தக்கதல்ல; கதிர் வருவது அதே மணிக்குள் அண்டியிருக்கும் தோரியத்திடமிருந்தும் அதன் வாரிசுகளிடமிருந்தும்.

இனி ஆலைக்குள் போவோம். 55 கோடி ஆண்டு அசையாத பாஸ்பேட் பூட்டை எப்படி உடைக்கிறார்கள்?

காஸ்டிக் சோடாவால். மோனசைட்டை மாவாக அரைத்து, செறிவான காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டு, 140 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் காய்ச்சுவார்கள். கனிமத்தை விட்ட பாஸ்பேட், சோடியத்தோடு சேர்ந்து டிரைசோடியம் பாஸ்பேட்டாகக் கரைசலில் இறங்கிவிடும். அருமண் உலோகங்களும் தோரியமும் ஹைட்ராக்சைடாக மாறி, கரையாத சேறாகக் கீழே நிற்கும். வேதியியல் கணக்கில், பாஸ்பேட் இருந்த இடத்தில் மூன்று ஹைட்ராக்சைடு வந்து உட்கார்ந்தன, அவ்வளவுதான். லேசான பலத்தில் இது நடக்காது. காரத்தை அளவுக்கு மீறி ஊற்றி, சூட்டையும் கூட்டினால்தான் பாஸ்பேட் கையை விடும். கழுவி எடுத்த டிரைசோடியம் பாஸ்பேட் வீணாவதில்லை. துப்புரவுப் பொடிகளிலும் கொதிகலன் நீரைப் பக்குவப்படுத்தவும் போகிறது. இந்தப் பாஸ்பேட்டைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்குப் போகும்போது மறுபடி வரும்.

அடுத்தது அமிலம். ஹைட்ராக்சைடு சேற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அளந்து அளந்து விடவேண்டும். அளவு தப்பினால் காரியம் கெடும். கரைசலின் பி.எச். 3-க்கும் 4-க்கும் இடையில் நின்றால் லாந்தனம் வகையறா குளோரைடாகக் கரைந்துவிடும். தோரியம் ஹைட்ராக்சைடு கரையாமல் பின்தங்கும். இரண்டும் பிரிந்துவிட்டன. இந்த இடத்தில் பட்டறைக்காரர் கைப்பக்குவம் மாதிரி ஒரு நுட்பம் இருக்கிறது: தோரியத்தின் மின்னூட்டம் நான்கு, லாந்தனத்தின் மின்னூட்டம் மூன்று. அந்த ஒரு எண் வித்தியாசத்தில்தான் கதிரியக்கப் பொருளும் விற்பனைச் சரக்கும் பிரிகின்றன.

பிரிந்தாலும் முழுசாகச் சுத்தமில்லை. தோரியத்தின் சிதைவுத் தொடரில் பிறந்த ரேடியம்-228 கரைசலோடு வந்திருக்கும். பேரியம் உப்பையும் சல்ஃபேட்டையும் சேர்த்தால் பேரியம் சல்ஃபேட் வெள்ளையாகப் படியும். ரேடியம் அந்தப் படிவோடு சேர்ந்து இறங்கிவிடும். பிறகு சல்ஃபைடைச் சேர்த்துக் காரீயத்தை இறக்குவார்கள். பழனி மலையின் வயதைக் காட்டிக்கொடுத்த அதே வகைக் காரீயம் ஆலைக்காரருக்கு வேண்டாத அழுக்கு. கடைசியில் தெளிந்த கரைசலைச் சுண்டக் காய்ச்சி ஊற்றி ஆறவிட்டால், கட்டி கட்டியாகக் கலப்பு அருமண் குளோரைடு கிடைக்கும். அதில் இருக்கும் அருமண்ணில் ஏறக்குறைய பாதி சீரியம், கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக லாந்தனம், மீதியில் பெரும்பகுதி நியோடிமியம்.

இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது இன்னொரு நீண்ட கதை. சுருக்கமாகச் சொன்னால் போதும். எல்லாமே மூன்று மின்னூட்டம் கொண்டவை, குணமும் ஒன்று. லாந்தனத்திலிருந்து லுட்டீசியம் வரை அயனியின் அளவு மட்டும் படிப்படியாகச் சுருங்கிக்கொண்டே போகும். அந்தச் சிறு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு, அமிலக் கரைசலையும் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானையும் எதிரெதிரே ஓடவிட்டு, பல அடுக்குத் தொட்டிகளில் திரும்பத் திரும்பக் கலக்கிப் பிரிக்கிறார்கள். லாந்தனம்தான் தொடரின் முதல் ஆள், ஆகப் பெரிய அயனி. அதனால் ஒரு ஓரத்திலிருந்து எளிதாக உருவி எடுத்துவிடலாம்.

கிடைக்கும் லாந்தனம் குளோரைடு வெள்ளை உப்பு. நியோடிமியம் குளோரைடு இளஊதா. பிரசியோடிமியம் குளோரைடு பச்சை. லாந்தனத்துக்கு நிறமில்லை. ஒளியை விழுங்கி நிறம் காட்டுவதற்கு அயனியின் உள்கூட்டில் சில எலெக்ட்ரான்கள் வேண்டும். லாந்தனம் அயனியின் அந்தக் கூடு காலி.

நீரைக் கண்டால் இந்த உப்புக்கு அடங்காத ஆசை. ஒரு லிட்டர் நீரில் முக்கால் கிலோவுக்கு மேல் கரையும். படிகமாகும்போதே ஒவ்வொரு லாந்தனத்துக்கும் ஏழு நீர் மூலக்கூறுகளை இழுத்துக்கொண்டுதான் படிகமாகும். கொடைக்கானலில் மூடுபனி இறங்கும் நாளில் பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு மறந்தால் உப்பு நசநசவென்று ஊறிப்போகும். காரணம் எளிது: பெரிய அயனி, கூடிய மின்னூட்டம். சுற்றிலும் எட்டு, ஒன்பது பேரை ஒரே நேரத்தில் இழுத்து வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. நீர் கிடைத்தால் நீரின் ஆக்சிஜனை இழுக்கும். அதைவிட நல்ல ஆக்சிஜன்காரர் வந்தால் நீரை உதறிவிட்டு அவரோடு போகும்.

இந்த நீர்ப்பற்றால் ஒரு தொல்லை. ஆலைக்குச் சில வேலைகளுக்கு நீரில்லாத குளோரைடு வேண்டும். அடுப்பில் வைத்து உலர்த்திவிடலாமே என்று தோன்றும். சூடு ஏறினால் ஆறு பங்கு நீர் ஆவியாகப் போகும். ஏழாவது பங்கு போகாமல் வினைபுரிந்து, குளோரினில் இரண்டு பங்கை ஹைட்ரஜன் குளோரைடு புகையாகத் துரத்திவிட்டு, தன் ஆக்சிஜனை லாந்தனத்தில் ஒட்டிவிடும். மிஞ்சுவது லாந்தனம் ஆக்சிகுளோரைடு. கரையாத, உதவாத பொடி. அதைத் தடுக்க நவச்சாரம் சேர்த்துச் சூடாக்குகிறார்கள். நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர், அடுப்பில் காய்ந்த பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவித் துணியால் தேய்ப்பதைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். சூட்டில் அது ஹைட்ரஜன் குளோரைடை விட்டு உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடைத் தின்றுவிடும். இங்கேயும் அதே வேலை. ஆக்சிஜன் ஒட்டப் பார்க்கும் இடத்தில் குளோரைடைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறது. வேலை முடிந்ததும் தானே ஆவியாகிப் போய்விடுகிறது. வீதியில் ஈயம் பூசியவருக்கும் அருமண் ஆய்வகத்துக்கும் ஒரே சரக்கு உதவியது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

இப்படிக் கிடைத்த நீரற்ற குளோரைடு 858 டிகிரியில் உருகும். உருகிய கலப்புக் குளோரைடில் மின்சாரம் பாய்ச்சினால் கலப்பு உலோகம் இறங்கும். இரும்போடு சேர்த்தால் சிகரெட் லைட்டரின் கல், வெல்டிங் பட்டறைத் தீப்பொறிக் கருவியின் கல். லாந்தனம் குளோரைடின் பெரிய வாடிக்கையாளர் பெட்ரோல் சுத்திகரிப்பாலை. கனத்த எண்ணெயைப் பெட்ரோலாக உடைக்கும் ஜியோலைட் வினையூக்கியை இந்தக் கரைசலில் ஊறவைத்தால், லாந்தனம் உள்ளே ஏறிக்கொண்டு, கடும் சூட்டிலும் நீராவியிலும் அது நொறுங்காமல் காக்கும். சிறிதளவு சீரியம் கலந்த லாந்தனம் குளோரைடுப் படிகம் காமா கதிர் பட்டால் மின்னும். அதை வைத்துக் கதிரளவுக் கருவி செய்கிறார்கள். கதிரியக்க மணலில் பிறந்த உப்பு கதிரைக் கண்டுபிடிக்கப் போகிறது.

ஆனால் இந்த உப்பின் உண்மையான சுபாவம் தெரிவது பாஸ்பேட் கலந்த நீரில் போடும்போதுதான். தெளிந்த லாந்தனம் குளோரைடுக் கரைசலைத் தெளிந்த பாஸ்பேட் கரைசலில் ஊற்றினால் அந்தக் கணமே பால்போல் கலங்கும். லாந்தனம் பாஸ்பேட். அதன் கரைதிறன் பெருக்கற்பலன் பத்தின் அடுக்கு மைனஸ் 25 என்ற அளவில் இருக்கிறது. நடைமுறையில் கரையவே கரையாது என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் உருவாவது ராப்டோபேன் என்ற நீர் கலந்த நுண்படிகம். அதைச் சில நூறு டிகிரி சூட்டில் வைத்தால் நீர் போய், மோனசைட்டின் அமைப்புக்கே திரும்பிவிடும். ஆலுவாவில் காரத்தையும் அமிலத்தையும் கொட்டிப் பிரித்தது எல்லாம் ஒரு குவளை நீரில் மறுபடி ஒன்று சேர்ந்துவிட்டது. குளோரைடு வெறும் வழித்துணை. உலோகத்தைக் கரைசலாக ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய்விட்டுத் தான் நீரிலேயே தங்கிவிடும்.

மருத்துவத்தில் இது ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களின் இரத்தத்தில் பாஸ்பேட் ஏறிக்கொண்டே போகும். அவர்களில் சிலருக்குச் சாப்பாட்டோடு மென்று தின்ன லாந்தனம் கார்பனேட் மாத்திரை கொடுப்பார்கள். அமெரிக்காவில் 2004-ல் அனுமதி பெற்ற மருந்து, இந்தியாவிலும் கிடைக்கிறது. வயிற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கார்பனேட் அதில் கரைந்து, கார்பன் டை ஆக்சைடு வெளியேற, உருவாவது லாந்தனம் குளோரைடுக் கரைசல்தான். உணவிலிருந்து வரும் பாஸ்பேட்டை அது உடனே பிடித்துக்கொள்ளும். கரையாத பாஸ்பேட் குடலில் உறிஞ்சப்படாமல் மலத்தோடு போய்விடும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களின் வயிற்றை எக்ஸ்ரே எடுத்தால் குடலில் வெள்ளைத் திட்டுகள் தெரிவதுண்டு. கனமான உலோகம் எக்ஸ்ரேயை மறிப்பதால் வரும் தோற்றம் அது. மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட்டால் வீண் பதற்றம் இருக்காது.

இனி ஏரி. மதுரை ஆட்சியராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ் 1863-ல் ஓடைகளை மறித்து உண்டாக்கியது கொடைக்கானல் ஏரி. பரப்பு சுமார் 60 ஏக்கர். நிரம்பி வழிவது வெள்ளி அருவியாகக் கீழே போகிறது. ஏரியைச் சுற்றி விடுதிகள், கடைகள், சவாரிக் குதிரைகள். நீர்க்களை மண்டுவதும் அதை அகற்றுவதும் உள்ளூர்ச் செய்தியில் அடிக்கடி வந்துபோகும். நீரில் பாசியும் களையும் பெருகுவதற்குப் பொதுவாகத் தட்டுப்பாடாக இருக்கும் சத்து பாஸ்பரஸ். மிகக் கொஞ்சம் போதும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் நூற்றில் சில பங்கு ஏறினாலே ஏரி பச்சை கட்டத் தொடங்கும். கழிவுநீர், துவைக்கும் பொடி, குதிரைச் சாணம், உரம் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. மோனசைட்டிலிருந்து பிரித்த டிரைசோடியம் பாஸ்பேட்டும் துப்புரவுப் பொடியாகி இந்தச் சாக்கடை வரிசையில்தான் கடைசியில் வந்து சேரும்.

நீரில் உள்ள பாஸ்பேட்டைப் பிடிக்க லாந்தனம் போடலாம் என்ற யோசனையை ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனம் 1990-களில் செயல்படுத்திப் பார்த்தது. குளோரைடை நேரே கொட்டவில்லை. பென்டோனைட் என்ற களிமண்ணை லாந்தனம் குளோரைடுக் கரைசலில் ஊறவைத்து, களிமண் அடுக்குகளுக்கு இடையே இருந்த சோடியத்தை வெளியே தள்ளி லாந்தனத்தைக் குடியேற்றினார்கள். ஏரியில் தூவினால் களிமண் மெல்ல மூழ்கும். போகிற வழியில் பாஸ்பேட்டைப் பிடிக்கும். அடியில் சேற்றின்மேல் ஒரு மெல்லிய போர்வையாகப் படிந்து, சேற்றிலிருந்து மேலே கசியும் பாஸ்பேட்டையும் தடுக்கும். ஐரோப்பாவில் பல ஏரிகளில் இதைப் போட்டிருக்கிறார்கள். மீன்தொட்டி வைத்திருப்பவர்களும் நீச்சல்குளம் பராமரிப்பவர்களும் நீர்ம லாந்தனம் குளோரைடையே சொட்டுச் சொட்டாக விட்டு வடிகட்டுகிறார்கள்.

களிமண் சுற்றுவழி எதற்கு? சுதந்திரமாகத் திரியும் லாந்தனம் அயனி, அளவில் கால்சியம் அயனியை ஒத்தது. நூற்றுக்கு மூன்று பங்குதான் பெரியது, ஆனால் மின்னூட்டம் ஒன்று கூடுதல். அதனால் உயிரணுக்களின் கால்சியம் வாசலில் போய் அடைத்துக்கொள்ளும். நீர்த்தெள்ளு போன்ற சிற்றுயிர்களுக்கு அது நஞ்சு. பாஸ்பேட்டும் கார்பனேட்டும் நிறைந்த கடின நீரில் லாந்தனம் உடனே சிறைப்பட்டுவிடும். மென்னீரில் அப்படியல்ல, கூடுதல் நேரம் தனியே உலவும். சார்னோக்கைட் மலையில் ஊறிவரும் நீர் பொதுவாக மென்னீர். இன்னொரு சிக்கல் சோலைக்காடு. சோலை மண்ணில் மக்கிய இலைதழை கரைந்து நீரை இலேசாகப் பழுப்பாக்கும். அந்த ஹியூமிக் பொருள்களிலும் ஆக்சிஜன் கைகள் உண்டு. பாஸ்பேட்டுக்குப் போகவேண்டிய லாந்தனத்தை நடுவழியில் பிடித்துக்கொள்ளும். ஆக, வேறு நாட்டு ஏரிக்குப் போட்ட அளவை இங்கே அப்படியே எடுத்துவர முடியாது.

மலை விவசாயிகள் ஒரு வகையில் இந்த வேதியியலை ஏற்கெனவே அறிவார்கள். கொடைக்கானல் மேல்மலையின் அமில மண்ணில் போட்ட பாஸ்பேட் உரத்தில் பெரும்பங்கு பயிருக்குக் கிடைக்காமல் மண்ணிலுள்ள இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொள்கிறது. பூண்டுக்கும் உருளைக்கும் திரும்பத் திரும்ப உரம் வைக்கவேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரும்பின் பிடி லாந்தனத்தின் பிடியைவிடத் தளர்வு. ஏரி அடிச்சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்தால் இரும்பு பாஸ்பேட்டைக் கைவிட்டுவிடும். லாந்தனம் அப்போதும் விடாது. ஏரிக்கு இரும்பைவிட லாந்தனத்தைச் சிலர் பரிந்துரைப்பது இதனால்தான்.

ஆயினும் கொடைக்கானலில் ஏரிக்குள் ஒரு உலோக உப்பைப் போடப்போகிறோம் என்று எழுந்தால் ஊர் கேள்வி கேட்கும், கேட்கவேண்டும். ஊரில் இயங்கிய பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டு, பாம்பார் சோலைப் பக்கத்து மண்ணில் பாதரசம் கலந்தது பற்றிய சர்ச்சை அதன் பிறகும் நெடுங்காலம் ஓடியது. பாதரசமும் லாந்தனமும் ஒரே வகை அல்ல. பாதரசம் சேற்றில் மெத்தில் பாதரசமாக மாறி மீன் வழியாக மேலே ஏறிவரும். லாந்தனம் பாஸ்பேட்டாகப் பூட்டிக்கொண்டு அடியில் கிடக்கும். வித்தியாசத்தைச் சொல்லிப் புரியவைக்கலாம். அதற்கு முன் நீரின் காரத்தன்மையையும், கரைந்த இயற்கைப் பொருளையும், சேற்றில் தேங்கிய பாஸ்பரஸையும் அளந்து வைத்திருக்கவேண்டும்.

அதைவிட முக்கியம் ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிராம் பாஸ்பரஸைப் பூட்ட நாலரை கிராம் லாந்தனம் வேண்டும். ஏழு நீர் சேர்ந்த குளோரைடு உப்பாகச் சொன்னால் 12 கிராம். லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் பாஸ்பரஸ் உள்ள ஒரு லட்சம் லிட்டர் ஏரி நீருக்கு 120 கிராம் உப்பு போதும். கேட்க மிகக் குறைவு. ஆனால் ஒரு மனிதரின் ஒருநாள் கழிவுநீரில் ஏறக்குறைய ஒன்றரை கிராம் பாஸ்பரஸ் இருக்கிறது. அதற்கே 18 கிராம் வேண்டும். ஆயிரம் பேர் தங்கும் விடுதிகளின் கழிவுநீர் ஏரியை நோக்கி வந்தால் நாளொன்றுக்கு 18 கிலோ, வருடத்துக்கு ஆறரை டன்னுக்கு மேல். கோடை சீசனில் மலையேறும் கூட்டத்தை வைத்து மீதியைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். சாக்கடையைத் திருப்பிச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோன பிறகு, அடிச்சேற்றில் பல காலமாகச் சேர்ந்துவிட்ட பாஸ்பேட்டுக்குத்தான் லாந்தனத்தின் முறை வரும்.